கட்டுச்சோறு

வீட்டை விட்டு நெடுந்தொலைவு செல்வோர் தம்முடன் உணவு கொண்டு செல்லும் வழக்கம் மிகப் பழமையானது. அவ்வுணவைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் உண்டு. ஆறு என்பதற்கு வழி என்றும் பொருள் உண்டு. வழியில் உண்பதற்குரியது ஆதலின் அதனை 'ஆற்றுணா' என்றனர். பொதிந்து கொண்டு செல்வது ஆதலின் 'பொதிசோறு' என்றனர். மூட்டையாகக் கட்டிச் செல்வது ஆதலின் 'கட்டுச்சோறு' என்றனர். கற்றவர்க்கு எந்நாடும் தம் நாடே ஆதலின் அவர்க்கு ஆற்றுணா வேண்டியதில்லை என்று பழமொழி நானூறு கூறுகிறது. அவ்வாறாயின் ஏனையோர்க்கு அஃது இன்றியமையாததாக இருந்தது என்பது தானே விளங்கும். திருப்பைஞ்ஞீலிக்கு வழிநடந்து பசியால் இளைத்த திருநாவுக்கரசர்க்குச் சிவபெருமான் அந்தணர் வடிவில் தோன்றிப் பொதிசோறு அளித்தார் என்று பெரியபுராணம் உரைக்கிறது.

அக்காலத்தில் மக்கள் கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் பயணம் செய்தனர். சத்திரங்கள் இருந்த ஊர்களை அடையும் வரையில் கட்டுச்சோறே அவர்களுக்குத் துணை. 1856ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாசா ரோடு வரையில் தென்னாட்டின் முதல் புகைவண்டி ஓடியது. அதன்பின் பயணம் விரைவாயிற்று. இன்று நெடுஞ்சாலைகள் எங்கும் உணவு விடுதிகள் உள்ளன. எனினும் மலையுச்சியில் உணவு விடுதி இல்லை. காட்டாற்றின் கரையில் இல்லை. அருவிக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதையில் இல்லை. மாணவர்கள் சுற்றுலாச் செல்லும்போதும், சாரணர்கள் பாசறை அமைக்கும்போதும், மலையேறுவோர் வெள்ளியங்கிரி, சதுரகிரி போன்ற மலைகளில் ஏறும்போதும் கையில் உள்ள கட்டுச்சோறே அவர்களைக் காக்கிறது.

வீட்டில் உண்ணும் உணவு அடுப்பிலிருந்து இறங்கியவுடன் இலைக்கு வருகிறது. அப்பொழுது சுவையாக இருந்தால் போதும். கட்டுச்சோறோ விடியற்காலையில் சமைக்கப்பட்டு, நண்பகலில் அவிழ்க்கப்படுகிறது. இடையில் அது வெயிலில் சுடுகிறது, பைக்குள் குலுங்குகிறது, அழுந்துகிறது. ஆதலின் அது சமைக்கும் வேளைக்காகச் செய்யப்படும் உணவு அன்று. அவிழ்க்கும் வேளைக்காகச் செய்யப்படும் உணவாகும். இந்த ஓர் உண்மையை நினைவிற் கொண்டால், எதனைக் கட்டலாம், எதனைக் கட்டலாகாது, எவ்வாறு கட்ட வேண்டும் என்பன எல்லாம் எளிதில் விளங்கும்.

கட்டுச்சோறு கெட்டுவிட்டால் வரும் தீங்கு பசி மட்டும் அன்று. கெட்ட உணவை உண்டவர்க்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். வீட்டில் இருந்தால் மருத்துவரை உடனே அழைக்கலாம். மலைமேல் இருப்பவர் யாரை அழைப்பார்? உடலில் உள்ள நீரும் உப்பும் குறைய, கால் தளர்ந்து, இறங்கவும் இயலாது வருந்துவார். ஆதலின் சோறு ஏன் கெடுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் காற்றிலும் நீரிலும் மண்ணிலும் நம் கைகளிலும் உள்ளன. அவை பெருகுவதற்கு உணவும் ஈரமும் இளஞ்சூடும் வேண்டும். வடித்த சோற்றில் இம்மூன்றும் உண்டு. உணவின் சூடு 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்டதாக இருக்கும்போது இவை பெருகுகின்றன. நம் நாட்டின் பகற்பொழுது முழுவதும் இந்த எல்லைக்குள்ளேயே அடங்கும். ஏற்ற நிலையில் சில நுண்ணுயிர்கள் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டிரண்டாகப் பிரியும். காலை 5 மணிக்கு ஒரே ஒரு நுண்ணுயிர் இருந்தது என்று கொள்வோம். அஃது ஒரு மணிக்கு மூன்று முறை பிரிந்தால், நண்பகல் 12 மணிக்குள் 21 முறை பிரியும். அப்பொழுது அதன் எண்ணிக்கை 20 இலட்சத்தைக் கடந்துவிடும். கணக்கிட்டுப் பாருங்கள், வியப்பு உண்டாகும்.

சோற்றைக் கொதிக்க வைத்தோமே, நுண்ணுயிர்கள் இறந்திருக்க மாட்டாவோ என்று நீங்கள் கேட்கலாம். பெரும்பாலானவை இறந்துவிடும். ஆயினும் பாசில்லஸ் சீரியஸ் என்னும் ஒருவகைப் பாக்டீரியா, தடித்த உறை கொண்ட வித்துகளாக மாறிக் கொதிநீரையும் தாங்கி நிற்க வல்லது. சோறு மெல்ல ஆறி இளஞ்சூட்டில் நெடுநேரம் கிடக்கும்போது அவ்வித்துகள் உயிர்பெற்றுப் பெருகும். வாந்தியை உண்டாக்கும் நஞ்சு ஒன்றையும் அது சோற்றில் கக்கும். அந்த நஞ்சு, சோற்றை மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. ஆதலின் கெட்ட சோற்றைச் சுடவைத்து உண்ணலாம் என்று எண்ணுவது பெரும் பிழையாகும்.

நுண்ணுயிர்களைப் பற்றி அறியாத காலத்திலேயே நம் முன்னோர் அவற்றைத் தடுக்கும் வழிகளைப் பட்டறிவால் கண்டிருந்தனர். ஈரத்தைக் குறைத்தல், புளிப்பைக் கூட்டல், உப்பையும் எண்ணெயையும் அளவறிந்து சேர்த்தல், கை படாமல் தூய்மை பேணுதல் ஆகியன அவ்வழிகள். இவை அனைத்தும் ஒருங்கே அமைந்த உணவு புளியோதரை. அதனால்தான் கட்டுச்சோறு என்றவுடன் நம் நினைவுக்கு அதுவே முதலில் வருகிறது.

புளியோதரை செய்யும் முறையைச் சற்று உற்று நோக்குவோம். புளியைக் கெட்டியாகக் கரைத்து, நல்லெண்ணெயில் கடுகு, மிளகாய், பெருங்காயம் முதலியவற்றைத் தாளித்து, உப்பும் மஞ்சளும் சேர்த்துக் கொதிக்க விடுவர். நீர் வற்றி, குழம்பு இறுகி, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரையில் அதனை அடுப்பிலிருந்து இறக்குவதில்லை. இதற்குப் புளிக்காய்ச்சல் என்பது பெயர். எண்ணெய் பிரிந்தது என்றால் நீர் வற்றியது என்பது பொருள். புளியில் உள்ள டார்ட்டாரிக் அமிலம் நுண்ணுயிர்கள் பெருகாமல் தடுக்கிறது. உப்பு அவற்றிற்கு வேண்டிய ஈரத்தைத் தன்பால் ஈர்த்துக்கொள்கிறது. நல்லெண்ணெய் சோற்றுப் பருக்கைகள் உலர்ந்து விறைத்துப் போகாமலும் ஒன்றோடொன்று ஒட்டாமலும் காக்கிறது. அன்றியும் அஃது எளிதில் காறிப்போகாத இயல்புடையது.

சோற்றையும் குழைய விடாது பதமாக வடித்து, அகன்ற தட்டில் பரப்பி, எண்ணெய் தெளித்து ஆற விடுவர். நன்றாக ஆறியபின் புளிக்காய்ச்சலை இட்டுக் கலப்பர். வறுத்துப் பொடித்த கொத்துமல்லி விதை, வெந்தயம், எள் ஆகியவற்றையும், வறுத்த நிலக்கடலையையும் அதனுடன் சேர்ப்பர். இங்கு ஒரு நுட்பம் உண்டு. கலக்கும்போது எங்கேனும் வெள்ளைச் சோறு கட்டியாக நின்றுவிட்டால், புளிப்பும் உப்பும் அங்குச் சென்று சேரா. கெடுதல் தொடங்குவது அவ்விடத்திலேதான். ஆதலின் ஒவ்வொரு பருக்கையிலும் நிறம் ஏறும்வரை பொறுமையுடன் கலத்தல் வேண்டும். அதனைக் கரண்டியால் செய்தல் நன்று.

தயிர்ச்சோற்றின் அமைப்பு இதனினும் வியப்பானது. நுண்ணுயிர்களை விலக்குவதே கட்டுச்சோற்றின் நோக்கம் என்றோம். தயிர்ச்சோற்றிலோ நாமே நுண்ணுயிர்களை அழைத்து வந்து குடியேற்றுகிறோம்! அவை நமக்கு நன்மை செய்பவை. பாலில் உள்ள சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றிப் புளிப்பை உண்டாக்கி, தீய நுண்ணுயிர்கள் எளிதில் பெருகாதபடி அவை தடுக்கின்றன. பயணத்திற்குத் தயிர்ச்சோறு பிசையும் தாய்மார் சோற்றைக் குழைய வடித்து மசித்து, ஆறிய பின்னர்க் காய்ச்சிய பாலை மிகுதியாகவும் தயிரைச் சிறிதாகவும் சேர்ப்பர். காலையில் அஃது ஏறக்குறையப் பாற்சோறுதான். பயணம் நடக்க நடக்கப் பால் தயிராகிறது. நண்பகலில் மூட்டையை அவிழ்க்கும்போது புளிப்பு அளவோடு இருக்கும். காலையிலேயே தயிரை மிகுதியாக இட்டுப் பிசைந்தால் நண்பகலில் வாயில் வைக்க இயலாதபடி புளித்துவிடும். அவிழ்க்கும் வேளையை எண்ணிச் சமைத்தல் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேறில்லை. இஞ்சியும் பச்சைமிளகாயும் தாளித்துச் சேர்த்தால் சுவை மிகும். நாரத்தங்காய் ஊறுகாயையோ மாவடுவையோ தனியாகப் பொதிந்து எடுத்துச் செல்லலாம்.

எலுமிச்சைச் சோறும் புளிப்பினால் தாங்குவதே. எலுமிச்சைச் சாற்றைக் கொதிக்க விட்டால் கசக்கும். ஆதலின் தாளிதத்தை இறக்கிய பின்னரே அதனைச் சேர்த்தல் வேண்டும். இட்டிலியை எடுத்துச் செல்வோர் அதன்மேல் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப் பொடியைத் தடவிக் கொள்வர். இட்டிலிக்குத் தேங்காய்ச் சட்டினி பொருத்தமானது அன்றோ எனின், வீட்டில் பொருத்தமானதே, வழியில் அன்று. அரைத்த தேங்காயில் ஈரம் மிகுதி, புளிப்பு இல்லை, சில மணி நேரத்தில் ஊசிப்போகும். பருப்புச்சோறு, வெங்காயமும் உருளைக்கிழங்கும் சேர்ந்த மசாலா, முட்டை, இறைச்சிக் குழம்பு ஆகியனவும் வெயிலில் நெடுநேரம் தாங்க மாட்டா.

ஆடித் திங்கள் பதினெட்டாம் நாள் காவிரிக்கரைக்குச் செல்வோர் தேங்காய்ச்சோற்றையும் கொண்டு செல்கின்றனரே என்று சிலர் வினவக்கூடும். ஆடிப்பெருக்கின்போது புளியோதரை, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு எனப் பலவகைச் சோறு சமைத்து, ஆற்றங்கரையில் உற்றார் உறவினருடன் அமர்ந்து உண்பது நம் மரபு. ஆறு அண்மையில் இருந்தால், சமைத்த சிறிது நேரத்திலேயே உண்டுவிடலாம். அங்குத் தேங்காய்ச்சோற்றால் தீங்கில்லை. பலவகை உணவு கொண்டு செல்வோர் விரைவில் கெடக்கூடியதை முதலிலும், நெடுநேரம் தாங்குவதைப் பின்னரும் உண்ணுதல் அறிவுடைமையாகும்.

பிற நாட்டாரும் இவ்வகையில் நம்மைப் போன்றே சிந்தித்துள்ளனர். ஜப்பானியர் சோற்றை உருண்டையாகவோ முக்கோணமாகவோ பிடித்து, உலர்ந்த கடற்பாசித் தாளால் சுற்றி எடுத்துச் செல்வர். ஒனிகிரி என்னும் அவ்வுணவின் நடுவில் உப்பிலிட்ட புளிப்புக் கனி ஒன்றை வைப்பதுண்டு. கடல் கடந்த அந்நாட்டிலும் சோற்றுக்குத் துணையாகப் புளிப்பும் உப்பும் அமைந்தமை காண்க. இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சாண்ட்விச் பிரபுவின் பெயரால் வழங்குவது சாண்ட்விச் என்னும் ரொட்டி அடுக்கு. எட்வர்டு கிப்பன் என்னும் வரலாற்றாசிரியர் 1762ஆம் ஆண்டில் எழுதிய நாட்குறிப்பில் அச்சொல் காணப்படுகிறது. இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு இடையில் வெள்ளரி, தக்காளி முதலியவற்றை வைக்கும்போது அவற்றின் நீர் ஊறி ரொட்டி நைந்துவிடும். அதனைத் தடுக்க ரொட்டியின் உட்புறத்தில் வெண்ணெயைத் தடவுவர். வெண்ணெய் நீரை உட்புக விடாது. தக்காளியைத் தனியே எடுத்துச் சென்று, உண்ணும்போது நறுக்கி வைத்துக்கொள்வது இன்னும் நன்று.

இனி, கட்டும் முறையைக் காண்போம். கட்டுவதற்கு முன் சோறு நன்றாக ஆறியிருத்தல் வேண்டும். ஆவி பறக்கும் சோற்றை மூடினால், அந்த ஆவி மூடியில் பட்டு நீராகிச் சோற்றின்மேலேயே சொட்டும். நாம் அரும்பாடுபட்டு வற்றச் செய்த ஈரம் மீண்டும் வந்து சேரும். அதற்காகச் சோற்றைக் குவியலாக வைத்து நெடுநேரம் ஆற விடுதலும் கூடாது. குவியலின் நடுப்பகுதி ஆறுவதற்குப் பல மணி நேரம் ஆகும். அகன்ற தட்டில் மெல்லிய படலமாகப் பரப்பினால் விரைவில் ஆறிவிடும். இரவிலேயே சமைத்து வைத்து விடியலில் கட்டுவதும் தகாது. புளிக்காய்ச்சலை முன்னாளில் செய்துகொள்ளலாம். சோற்றை அன்று காலையில்தான் வடித்தல் வேண்டும்.

பொதிவதற்கு வாழையிலை மிகச் சிறந்தது. பச்சை இலையை மடித்தால் நரம்பு வழியே கிழியும். தணலின்மேல் சற்றுக் காட்டி வாட்டினால் துணிபோலத் துவளும். எப்படி மடித்தாலும் கிழியாது. வாட்டிய இலையின் மணமும் சோற்றுக்கு ஏறும். மந்தாரை இலையும் பொதிவதற்கு ஏற்றது. இலைப் பொட்டலத்தை வாழைநாரால் கட்டி, துணிப்பையில் நேராக வைத்தல் வேண்டும். செய்தித்தாளில் உணவைப் பொதிதல் கூடாது. அச்சு மையில் உள்ள தீய பொருள்கள் எண்ணெயில் கரைந்து உணவிற் கலக்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமும் இதனை எச்சரித்துள்ளது.

பாத்திரத்தில் எடுத்துச் செல்வோர் எவர்சில்வர் தூக்கையோ அடுக்கையோ பயன்படுத்தலாம். ஈயம் பூசாத பித்தளையிலும் செம்பிலும் புளியோதரையையோ தயிர்ச்சோற்றையோ வைத்தல் ஆகாது. புளிப்பு அவ்வுலோகங்களைக் கரைத்துக் களிம்பை உண்டாக்கும், களிம்பு நஞ்சு. முற்காலத்தில் ஈயம் பூசுவோர் தெருத்தெருவாக வந்து பாத்திரங்களுக்குப் பூச்சிட்டதன் காரணம் இதுவே.

மலையேறுவோர் எடுத்துச் செல்லும் உணவு, சுமைக்கு ஏற்ற வலிமை தருவதாகவும் இருத்தல் வேண்டும். சோறு உடலுக்கு ஆற்றலைத் தருகிறது. நிலக்கடலை புரதத்தையும் கொழுப்பையும் தருகிறது. புளியோதரையில் உள்ள உப்பு, வியர்வையில் இழந்த உப்பை ஓரளவு ஈடுசெய்கிறது. எனினும் வயிறு நிரம்ப உண்டு உடனே மலையேறுதல் துன்பம் தரும். சிறிது உண்டு, இளைப்பாறி, பின்னர் நடத்தல் நன்று. இடையிடையே தின்பதற்குக் கடலை மிட்டாய், பொரிவிளங்காய் உருண்டை, அவல், வெல்லம் ஆகியவற்றை வைத்துக்கொள்ளலாம். இவற்றில் ஈரம் மிகக் குறைவு ஆதலின் பல நாள் கெடா. பொரிவிளங்காய் உருண்டை பல்லுக்கு வேலை தரும் அளவுக்குக் கடினமாக இருப்பது அதனால்தான்! கடிக்கக் கடினமான அந்த உருண்டை, பையில் எத்தனை குலுங்கினாலும் உடையாது. இவையெல்லாம் இருந்தும் காய்ச்சி ஆறிய தண்ணீர் போதிய அளவு இல்லையெனில் பயணம் துன்பமாகவே முடியும்.

உண்ணும் இடத்தில் நடந்துகொள்ளும் முறையும் கட்டுச்சோற்றுக் கலையின் ஒரு பகுதியே. மூட்டையை வெயில் படாத இடத்தில் வைத்தல் வேண்டும். கையைக் கழுவிய பின்னரே பொட்டலத்தைத் தொடுதல் வேண்டும். அவிழ்த்ததும் முகர்ந்து பாருங்கள். புளிப்புக்கு மாறான நாற்றமோ, கையில் இழுத்தால் நூல்போல நீளும் பிசுபிசுப்போ காணப்பட்டால், எவ்வளவு பசியாயினும் அதனை உண்ணாதீர்கள். வேறுபாடு ஒன்றும் தெரியாவிட்டாலும், காலையில் கட்டியதை மாலை வரையில் வைத்திருந்து உண்ணாதீர்கள். நஞ்சு எப்பொழுதும் நாற்றத்தால் தன்னை அறிவித்துக்கொள்வதில்லை.

குரங்குகளுக்குச் சோறு போடுவது அருள் என்று சிலர் கருதுவர். அஃது அருள் அன்று. மனிதர் தரும் உணவைச் சுவைத்துப் பழகிய குரங்கு, காட்டில் இரை தேடுவதை மறந்து வழிப்போக்கரின் பையைப் பறிக்கத் தொடங்கும். எஞ்சிய உணவைப் பிளாஸ்டிக் பையோடு எறிந்தாலோ, உப்பையும் சோற்றின் மணத்தையும் நாடி வரும் மானும் யானையும் பையையும் சேர்த்து விழுங்கும். அது செரியாது குடலை அடைக்கும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றைத் தமிழ்நாடு அரசு 2019ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாள் முதல் தடை செய்துள்ளது. வாழையிலை மட்கி மண்ணாகும். எனினும் கொண்டு சென்ற அனைத்தையும் திரும்பக் கொண்டு வந்து ஊரில் உள்ள குப்பைத் தொட்டியில் இடுவதே காட்டுக்கு நாம் செய்யும் மரியாதை.

கட்டுச்சோற்றைத் தனியே உண்பவர் அரியர். ஒருவர் புளியோதரை கொணர்வார். ஒருவர் தயிர்ச்சோறு கொணர்வார். மற்றொருவர் சப்பாத்தி கொணர்வார். எல்லாப் பொட்டலங்களும் ஒன்றாக அவிழும்போது அது விருந்தாகிறது. எடுத்து வர மறந்தவரும் அங்குப் பசித்திரார். ஒருவர் கொணர்ந்த உணவு கெட்டிருந்தால் துன்பமும் அவ்வாறே எல்லாரையும் சேரும். ஆதலின் நாம் கட்டும் சோறு நமக்கு மட்டும் உரியது அன்று என்னும் பொறுப்புடன் அதனைக் கட்டுதல் வேண்டும்.

'கட்டிக் கொடுத்த சோறும் கற்றுக் கொடுத்த சொல்லும் எத்தனை நாள் செல்லும்?' என்பது நம் நாட்டுப் பழமொழி. பிறர் கட்டிக் கொடுத்த சோறு ஒரு வேளைக்கு வரும். சோறு ஏன் கெடுகிறது, எதனால் கெடாது நிற்கிறது என்று காரணம் அறிந்தவனோ, எந்த ஊருக்குச் சென்றாலும், அங்குக் கிடைக்கும் பொருளைக் கொண்டு தனக்கும் தன் தோழர்க்கும் நல்ல கட்டுச்சோறு கட்டிக்கொள்வான். அடுத்த சுற்றுலாவின்போது உங்கள் கட்டுச்சோற்றை நீங்களே கட்டிப் பாருங்கள்.